நான் அழித்த தேதி

கிள்ளானில் இப்போது போதகராக இருக்கும் ஜோயல் மூன்று மாதத்துக்கு முன் எனக்குப் போன் செய்தார். சபையில் பிரசங்கம் செய்யப் பழகும் பன்னிரண்டு பேருக்கு அவர் சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்துகிறார்.

"பாஸ்டர், ஒரு நாள் நீங்க வந்து பேசணும். மனசு உடைஞ்சு போன ஜனங்களுக்கு நம்பிக்கையை எப்படிப் பிரசங்கம் பண்றதுங்கிறதுதான் தலைப்பு. உங்களை விட்டா வேற யாரு இருக்கா?" என்றார்.

முடியாது என்றேன். முழங்கால் வலியைக் காரணமாகச் சொன்னேன். வலி இருப்பது உண்மைதான், ஆனால் அதற்காக நான் மறுக்கவில்லை.

"பரவால்ல லா பாஸ்டர். உங்க பழைய மெசேஜ் ஒண்ணை சிடியில இருந்து எடுத்து இணையத்துல போட்டிருக்கோம். கிளாஸ்ல அதைத்தான் போட்டுக் காட்டறோம். எலும்புகளைப் பத்தி நீங்க பேசினது" என்றார் ஜோயல்.

முப்பத்து மூன்று வருட ஊழியத்தில் எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை மட்டும் யாரும் மறுபடி கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். அதைத்தான் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு பேருக்கு நான் சொல்ல வேண்டியதை நின்று பேசத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் சுங்கை வேயில் வளர்ந்தவன். அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். படிப்பு முடிந்ததும் போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் நான்கு வருடம் கிராணியாக, குமாஸ்தா வேலையில் இருந்தேன். பிறகு ஊழியத்துக்கு அழைப்பு வந்ததென்று வேலையை விட்டு இறையியல் கல்லூரிக்குப் போனேன். அங்கே மூன்று வருடம் கொஞ்சம் கிரேக்கம் படித்தேன், அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்துப் பேசப் பழகினேன். இரண்டாவது எனக்கு நன்றாகவே வந்தது.

படிப்பு முடிந்து பிரிக்பீல்ட்ஸ் சபையில் ரெவரண்ட் அருளம்பலத்துக்கு உதவிப் போதகராக அனுப்பினார்கள். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் இருந்தவர். இவரும் பல வருடம் அரசாங்க நில அளவை இலாகாவில் வேலை பார்த்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். ஒல்லியான உடம்பு, சின்னக் குரல். அவர் பிரசங்கம் செய்யும்போது சபையார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்வரிசையில் சிலர் தூங்குவார்கள். அவருக்குப் பக்கத்தில் அங்கி போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு அவரை நினைத்து வெட்கமாக இருக்கும். யாரை நினைத்து வெட்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

என் பிரசங்கம் இருக்கும் வாரங்களில் அதை முழுதாக எழுதி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவரிடம் காட்ட வேண்டும். சபைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் நான் நிற்பேன், அந்தப் பக்கம் அவர் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். கருத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டார். 'செய்வார்', 'கொடுப்பார்', 'குணமாகும்', 'கிடைக்கும்' என்று எதிர்காலத்தில் முடியும் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோடு போடுவார். எல்லாவற்றுக்கும் போட்டு முடித்துவிட்டு, முதல் கோட்டின்மேல் பென்சில் நுனியை வைப்பார்.

"இதை ஆர் சொன்னது?"

"வேதத்துல இருக்கு ரெவரண்ட்."

"வேதத்திலே இஸ்ரவேலருக்குச் சொல்லியிருக்கு. இந்தச் சபையிலே மூன்றாவது வரிசையிலே இருக்கிற மனுசிக்கு ஆர் சொன்னது? ஆண்டவர் சொன்னாரா, நீர் சொல்றீரா?"

பதில் இல்லாத இடங்களில் அந்த வரியை அவர் அடிக்க மாட்டார். என்னைத்தான் அடிக்கச் சொல்வார். ஒரு சனிக்கிழமை பதினான்கு வரிகளை அடித்தேன். மிச்சம் இருந்ததைப் பார்த்தபோது, பிரசங்கம் ஒரு அறிவிப்புப் பலகை மாதிரி இருந்தது.

நோயாளி வீட்டுக்குப் போவதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. போனவுடன் ஜெபிக்க மாட்டார். டாக்டர் என்ன சொன்னார் என்று முதலில் கேட்பார். அதைச் சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார், மருந்தின் பெயர் உட்பட. அடுத்து, வீட்டில் சமையல் யார் செய்கிறார்கள் என்று கேட்பார். கடைசியாக நோயாளியிடம், "உமக்கு என்னத்துக்குப் பயம்?" என்பார். அதற்குப் பதில் வரும்வரை காத்திருப்பார். ஜெபம் அதற்குப் பிறகுதான். சில வீடுகளில் நேரமாகிவிட்டதென்று ஜெபிக்காமலே எழுந்து வந்ததும் உண்டு. இதெல்லாம் ஆஸ்பத்திரிக் கிராணி செய்யும் வேலை என்று நான் என் மனைவியிடம் கேலி செய்திருக்கிறேன்.

ஐந்து வருடம் கழித்துக் கிள்ளான் சபையைத் தனியாக எனக்குக் கொடுத்தார்கள். அங்கே என் பிரசங்கத்தைப் படித்துப் பார்க்க யாரும் இல்லை. எதையும் அடிக்க வேண்டியதும் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் மண்டபம் நிறைந்தது. வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். சுங்கை வேயிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும்கூட கொமுட்டர் ரயில் பிடித்து ஆட்கள் வந்தார்கள். வேலை போனவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், வைத்தியத்தில் களைத்துப்போனவர்கள் வந்தார்கள். "உங்க மெசேஜைக் கேட்டா ஒரு வாரத்துக்குத் தெம்பா இருக்கு பாஸ்டர்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு சகோதரர் பிரசங்கங்களைப் பதிவு செய்து சிடி போட ஆரம்பித்தார். அவர்கள் துயரம் பெரியதாக இருந்ததால் என் வாக்குகளையும் நான் பெரிதாக்கிக்கொண்டே போனேன். அதுதான் இரக்கம் என்று நினைத்தேன்.

தேவராஜ் அந்தச் சபையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர். போர்ட் கிள்ளானில் ஒரு கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நாற்பத்தாறு வயது இருக்கும். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக ஞாயிறு ஆராதனைக்கு வந்து நாற்காலிகளைப் போடுவார். மூன்றாவது வரிசையின் ஓரத்தில் மனைவி எஸ்தரோடு உட்காருவார். எஸ்தர் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் வேலை பார்த்தார். தேவராஜுக்குப் பல வருடமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி இருந்தது. ஒரு நாள் சரக்கு அடுக்கும் உடைந்த மரத்தட்டின் ஆணி ஷூவைத் துளைத்து இடது காலில் ஏறிவிட்டது. காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால், ஷூவைக் கழற்றியபோதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது.

இரண்டு மாதமாகியும் புண் ஆறவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தேவராஜ் சபை அலுவலகத்துக்கு வந்தார்.

"பாஸ்டர், சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் எடுக்கணும்னு சொல்றாங்க. எலும்பு வரைக்கும் போயிருச்சாம். வர்ற செவ்வாய்க்கிழமை தேதி குடுத்திருக்காங்க."

"பயப்படாதீங்க தேவராஜ். ஜெபிப்போம்" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. ஏதோ கேட்க வந்தவர் மாதிரி தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மூன்று மணிக்கு ஒரு கூட்டம் இருந்தது. அவர் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிட்டேன். டாக்டர் வேறு என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்றும் கேட்கவில்லை. பின்னால்தான் எஸ்தர் சொன்னார். இரண்டு விரல் போனால் பிரேக்கை மிதிக்க முடியுமா, வேலை இருக்குமா என்பதுதான் அவருடைய பயம். மிதிக்க முடியும் என்று எந்தக் கிளினிக் தாதியும் அவருக்குச் சொல்லியிருப்பார். ஒரு போன் போட்டிருந்தால் நானே கேட்டுச் சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எலும்புகளைப் பற்றிய ஒரு வசனத்தை எடுத்தேன். தேவராஜ் சொன்ன 'எலும்பு வரைக்கும்' என்ற வார்த்தைதான் அந்த வசனத்தை எனக்கு நினைவூட்டியது. தன்னை நம்புகிறவனின் எலும்புகளை ஆண்டவர் காக்கிறார் என்று ஆரம்பித்தேன். மண்டபம் என்னோடு வந்தது. எழுதி வைத்திருந்ததைவிட்டு எப்போது விலகினேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாவது வரிசையில் தேவராஜ் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபடியே சொன்னேன்:

"கத்தி வைக்க மனிதன் ஒரு தேதி குறித்திருக்கலாம். கர்த்தர் அந்தத் தேதியை இன்றைக்கு அழித்துவிட்டார்!"

மண்டபம் முழுவதும் ஆமென் என்று எழுந்தது. எஸ்தர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தேவராஜ் இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஆராதனை முடிந்து காரில் போகும்போது என் மனைவி கேட்டாள், "அந்தத் தேதி விஷயம், ஆண்டவர் உங்ககிட்ட பேசினாரா?" சிக்னலில் பச்சை விழுந்தது, ஓட்டினேன்.

புதன்கிழமை காலை தேவராஜ் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"பாஸ்டர், நான் நேத்து போகல. ஆஸ்பத்திரிலேருந்து கூப்பிட்டாங்க. தேதி வேணாம், எங்க ஆண்டவர் அழிச்சிட்டார்னு சொல்லிட்டேன்."

அந்தப் போன்தான் எனக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. 'தேவராஜ், அதை நான் ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன், இன்றைக்கே போய் வேறு தேதி வாங்குங்கள்' என்று சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. நான் சொன்னது தவறு என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அதே சமயம், என் ஒரு வாக்கியத்துக்காக ஒரு மனிதன் ஆஸ்பத்திரியையே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான் என்பதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. "ஆண்டவர் பெரியவர்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அவரைச் சாட்சி சொல்ல மேடைக்கு அழைத்தேன். காலில் பெரிய கட்டு. செருப்புப் போட முடியாமல் ஒரு துணியைச் சுற்றியிருந்தார். மைக்கைக் கொடுக்கப் பக்கத்தில் போனேன். எஸ்தர் கட்டின்மேல் நிறைய கொலோன் தெளித்திருந்தார். அதையும் மீறி ஒரு வாடை வந்தது. அழுகல் வாடை. எனக்கு அது என்னவென்று தெரியும். எத்தனை வார்டுகளில் நின்றிருக்கிறேன். மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்று கைதட்டினேன்.

செவ்வாய்க்கிழமை எஸ்தர் கேன்டீன் வேலை முடிந்து, ஏப்ரனைக்கூட கழற்றாமல் நேராக என்னிடம் வந்தார்.

"பாஸ்டர், வாடை ஜாஸ்தியா வருது. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. எனக்கு விசுவாசம் இல்லைங்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போயிருவாரு."

"நான் பேசறேன் சிஸ்டர்" என்றேன்.

நான் பேசவில்லை. அந்த வாரம் சாட்சியோடு சேர்த்து சிடி தயாராகிக்கொண்டிருந்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்து யோசித்து நாளைத் தள்ளினேன். சனிக்கிழமை காலை தேவராஜ் காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்து, அக்கம்பக்கத்தார் நாலு மாடி தூக்கி இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது. அன்றைக்கே முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் வார்டில் அவரைப் பார்த்தேன். போர்வை ஒரு பக்கம் பள்ளமாகக் கிடந்தது. எஸ்தர் ஜன்னலோரம் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. தேவராஜ்தான் என் கையைத் தேடிப் பிடித்தார். உதடு வெடித்திருந்தது.

"மன்னிச்சிருங்க பாஸ்டர். எனக்கு விசுவாசம் பத்தல. நடுவுல ரெண்டு நாள் பயந்துட்டேன். அதான்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்றேன்.

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தன் கால் போனதற்கு அந்த மனிதர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு படுத்திருந்தார். அதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் ஆறுதலாகக்கூட இருந்தது. சபையில் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை என்று நினைத்தேன். நான் பிரசங்கித்த நம்பிக்கை ஒரு மனிதனை எங்கே கொண்டுவந்து விட்டிருந்தது என்பதை, கார் நிறுத்தும் இடத்துக்கு வந்த பிறகுதான் என்னால் யோசிக்க முடிந்தது. காலும் போய், ஆண்டவர் முன்னால் குற்றவாளியாகவும் அவரைக் கிடத்தியிருந்தேன்.

ஓய்வுபெற்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன வீட்டில் இருந்த அருளம்பலத்தைப் போய்ப் பார்த்தேன். கண்பார்வை மங்கியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். வாடையையும் சொன்னேன். நான் முடித்ததும் கேட்டார்:

"இதை அந்த மனுசனுக்குச் சொன்னீரா?"

"இல்லை ரெவரண்ட்."

"அவருக்குச் சொல்லாததை எனக்கு ஏன் சொல்றீர்?"

திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் அதை வாங்கிக்கொண்டு, பாரம் இறங்கியதென்று வீடு திரும்பியிருப்பேன். அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "இப்பவே போம்" என்றார்.

அப்போதே போனேன் என்று எழுத ஆசை. போக ஒன்பது நாள் ஆயிற்று.

போர்ட் கிள்ளான் ஃபிளாட்டில் லிஃப்ட் ஓடவில்லை. நான்காவது மாடிக்கு ஏறினேன். தேவராஜ் ஹாலில் ஒரு மெத்தையில் உட்கார்ந்திருந்தார். எஸ்தர் கோப்பி கொண்டுவந்து வைத்தார். நான் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தேன்.

"தேவராஜ், தேதியை அழிச்சிட்டார்னு நான் சொன்னேனே, அதை ஆண்டவர் எனக்குச் சொல்லல. நானாச் சொன்னேன். நீங்க புதன்கிழமை போன் பண்ணப்பவே எனக்குத் தெரியும். சாட்சி சொன்ன அன்னைக்கு எனக்கு வாடை தெரிஞ்சுது."

கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் தேவராஜ் கேட்டார்.

"அப்ப என் விசுவாசத்துல குறை இல்லையா?"

"இல்லை. கொஞ்சம்கூட இல்லை."

தேவராஜ் அழுதார். சத்தமாக, வாயைத் திறந்து அழுதார். எஸ்தர் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். தேவராஜின் முகத்தில் ஏதோ இறுக்கம் விட்டுப்போனதை நான் பார்த்தேன். அது என்னை மன்னித்ததால் வந்தது என்று நினைத்துவிட்டேன். அழுகை அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"மேடையில சொன்னீங்க பாஸ்டர். முந்நூறு பேர் முன்னாடி. இங்க வந்து தரையில உக்காந்து சொன்னாப் போதுமா? மேடையில போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

எஸ்தர் கதவு வரை வந்தார். "நான் வந்து கேட்டேன்ல பாஸ்டர்" என்றார். கதவைச் சாத்தினார்.

அடுத்த ஞாயிறு மேடையில் நின்றேன். அவர்கள் இருவரும் வந்திருந்தார்கள். தேவராஜ் சக்கர நாற்காலியில், மூன்றாவது வரிசையின் ஓரத்தில். 'நான்' என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன். 'நாம்' என்று வந்தது. "நாம் சில வேளைகளில் ஆண்டவருடைய சத்தத்தைத் தவறாகக் கேட்டுவிடுகிறோம்" என்றேன். நாம் எல்லாரும் அவசரப்படுகிறோம், நாம் எல்லாரும் தாழ்மைப்பட வேண்டும் என்றேன். நல்ல பிரசங்கம் என்று மூப்பர்கள் கைகுலுக்கினார்கள். கடைசிப் பாட்டு முடிவதற்குள் எஸ்தர் சக்கர நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வெளியே போனார். அவர்கள் அதற்குப் பிறகு வரவில்லை. ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் போன் ரிப்பேர் கடை ஒன்றில் தேவராஜ் உட்கார்ந்து வேலை செய்ததாகக் கேள்விப்பட்டேன். சில வருடம் கழித்து மாரடைப்பில் இறந்துபோனார். அடக்கம் முடிந்து இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எனக்குச் சொல்ல வேண்டாம் என்று எஸ்தர் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கட்டுரைக்காக எஸ்தரைக் கூப்பிட்டு அனுமதி கேட்டேன். "எழுதுங்க. ஆனா அவர் விசுவாசம் இல்லாதவர்னு யாரும் நெனச்சிடக் கூடாது" என்றார். தேவராஜ் விசுவாசம் நிறைந்தவர். நான் சொன்னதை நம்பியதுதான் அவருக்கு நேர்ந்த தீமை.

ஜோயல் போன் செய்த அன்று மத்தியானம், அந்தப் பதிவைக் கைப்பேசியில் தேடி எடுத்து முழுதாகக் கேட்டேன். நல்ல குரல். அந்த இடம் வந்ததும் எனக்கே உடல் சிலிர்த்தது. அதுதான் பயமாக இருந்தது. கேட்டவர்கள் கீழே எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன். 'ஆமென்', 'ஆறுதலான செய்தி', 'கண்ணீரோடு கேட்டேன்'. மூன்று நாள் முன்பு ஜெயந்தி என்ற பெண் எழுதியிருந்தார்: 'எனக்கும் வர்ற வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன் தேதி குடுத்திருக்காங்க. கர்த்தர் அழிச்சிட்டார்னு விசுவாசிக்கிறேன்.'

அன்றைக்குத் திங்கட்கிழமை.

ஜோயலைக் கூப்பிட்டுப் பதிவை எடுக்கச் சொன்னேன். "ஏன் பாஸ்டர்? எத்தனை பேருக்கு ஆறுதலா இருக்கு" என்றார். காரணத்தைச் சொன்னேன். பிறகு பதிவை எடுத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பி நம்பரும் வாங்கிக்கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலை கூப்பிட்டேன்.

"பாஸ்டர், நீங்களா? டெய்லி கேக்கறேன் உங்க மெசேஜை" என்றார் ஜெயந்தி. சுங்கை வேயில் அக்காவோடு இருக்கிறார். முப்பத்தெட்டு வயது. மார்பில் கட்டி. டாக்டர் என்ன சொன்னார், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன். பிறகு தேவராஜைப் பற்றிச் சொன்னேன். எதையும் விடாமல், 'நான்' 'நான்' என்றே சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்தது. "இதை ஏன் இப்ப சொல்றீங்க? நான் மூணு வாரமா அதைப் பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். அதையும் பிடுங்கிட்டா எனக்கு என்ன இருக்கு?"

எத்தனையோ மேடைகளில் இந்தக் கேள்விக்குச் சரளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"தெரியலம்மா. வெள்ளிக்கிழமை நீங்க போனா, நானும் வந்து வெளியே உக்காந்திருக்கேன். எவ்வளவு நேரம் ஆனாலும் இருக்கேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். வருவாரா என்று தெரியாது. ஏழேகாலுக்கு அக்காவோடு வந்தார். இணையத்தில் அவர் பெயருக்குப் பக்கத்திலிருந்த படத்தில் பார்த்ததைவிடச் சிறிய உருவம். கையில் ஒரு துணிப்பை. என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"ஜெபம் பண்ணுங்க. ஆனா வாக்கு ஒண்ணும் குடுக்காதீங்க" என்றார்.

"ஆண்டவரே, ஜெயந்தி பயந்துக்கிட்டு உள்ள போறாங்க. நீங்க கூடப் போங்க. நாங்க இங்கயே இருக்கோம்" என்று ஜெபித்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

தாதி பெயரைக் கூப்பிட்டார். ஜெயந்தி துணிப்பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தார். கட்டியை எடுத்துவிட்டார்கள். அது நல்ல கட்டி இல்லை என்று பிறகு பரிசோதனை சொன்னது. இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். முடிவு என்னவாகும் என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பன்னிரண்டு பேருக்கும் இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. உங்களுக்குக் காட்டிய அந்தப் பிரசங்கத்தைப் போல ஒருநாளும் செய்யாதீர்கள். அதைச் செய்தவன் நான். அது ஒரு மனிதனின் காலை வாங்கியது. வார்டில் அந்த மனிதன் தன்னையே குற்றவாளி என்று சொன்னபோது, வாயை மூடிக்கொண்டு நின்றவனும் நான்தான்.

நேற்று ஜெயந்தியின் அக்கா கூப்பிட்டார். திங்கட்கிழமை மறுபடி மருந்து ஏற்றுகிறார்களாம், வர முடியுமா என்று கேட்டார். ஜெயந்தி என்னை மன்னித்துவிட்டார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அக்காவுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை, கார் ஓட்ட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்குமேல் பார்க்கிங் கிடைக்காது. சீக்கிரமே கிளம்ப வேண்டும்.